சரோஜாவின் தலைக்கு மேல் ஒரு புள்ளி

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை தணிகாசலத்துக்கு,

சரோஜா நன்றாக இருக்கிறாள். மற்றதை எல்லாம் எழுதும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, டிவியில் வரும் மாமியாரை வைதுகொண்டிருக்கிறாள். ஒரு கீறல் கூட இல்லை. சாப்பிட்டாள். மாத்திரை போட்டுக்கொண்டாள்.

ஆனால் அவள் உங்கள் வீட்டில் இல்லை, மாப்பிள்ளை. உங்கள் படுக்கை அறையில் இப்போது இரும்பு முட்டுகள் நிற்கின்றன. கட்டிலைச் சுவரோரம் நகர்த்தியாகிவிட்டது. கதவு பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம். இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துத் தாள்களைக் கிழித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் நமக்குத் தெரிந்த விஷயங்களையும் நடுநடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் நானும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் எதிரெதிர் மேசை. வரைபடத்தைப் பார்த்து, ஒரு வேலைக்கு எவ்வளவு எடை இரும்புத் தகடு வேண்டும் என்று நான் பென்சிலால் பெருக்கிப் போடுவேன். நீங்கள் சரிபார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவீர்கள். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டீர்கள். அதுவரை 'டேய் தணி' என்று கூப்பிட்டவன் மறுநாளிலிருந்து 'மாப்பிள்ளை, வாங்க' என்றேன். நீங்கள் அலுவலகமே அதிரச் சிரித்தீர்கள். ஓய்வுக்குப் பிறகு கிழக்குத் தாம்பரத்தில் இதே கட்டடத்தில் வீடு வாங்கினோம். காற்று வேண்டும் என்று நீங்கள் மேல் தளம். படி ஏறப் பயந்து நான் கீழ்த் தளம்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வந்த முதல் கோடை இது. வெயில் மட்டும் குறையவே இல்லை. லீவு விட்டதும் குழந்தைகள் நாள் முழுக்கப் படிக்கட்டில் ஓடுகிறார்கள். கார் நிறுத்தும் இடத்தில் கிரிக்கெட். இரண்டு கண்ணாடி உடைந்தது. அப்போதுதான் பிரவீன் அந்த நீச்சல் தொட்டியைப் பற்றிச் சொன்னான்.

பிரவீனை உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடி, கம்ப்யூட்டர் வேலை. உங்களைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவர்களில் ஒருவன். இப்போது நம் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். இரும்புச் சட்டம் போட்டு, தார்ப்பாய் மாதிரி ஒரு துணியைக் கட்டினால் தொட்டி. லீவு முடிந்ததும் மடித்து வைத்துவிடலாம். மொட்டை மாடியில் வைக்கலாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பிரவீனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். கையில் அளவோடு என் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், மாடி தாங்குமான்னு ஒரு டவுட்டு. தண்ணி ரொப்பினா எவ்ளோ வெயிட் வரும்? நீளம் நாலரை மீட்டர், அகலம் ரெண்டு புள்ளி நாலு, தண்ணி அரை மீட்டர் நிக்கும். இருங்க, போன்லயே போட்டுடறேன்."

"வேண்டாம் தம்பி," என்றேன். "இதுக்கெல்லாமா போன்?"

இப்படி நான் பேசுவேனா, மாப்பிள்ளை? ஹோட்டலில் சாம்பார் கேட்கவே நான் பக்கத்து மேசைக்காரர் கேட்கட்டும் என்று காத்திருப்பவன். மாத்திரை போட்டேனா என்று திரும்பத் திரும்ப அட்டையைப் பார்ப்பவன். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் என் பெருக்கல்தான். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பிரவீன் போனைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டான். அந்தச் சட்டைப் பை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டேன். தசமப் பெருக்கலில் என்ன இருக்கிறது? முதலில் புள்ளியே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். 4.5 என்பது நாற்பத்தைந்து. 2.4 என்பது இருபத்து நாலு. நாற்பத்தைந்தை நாலால் பெருக்க நூற்றெண்பது. இருபதால் பெருக்கத் தொள்ளாயிரம். கூட்டினால் ஆயிரத்து எண்பது. இனிப் புள்ளி. முதல் எண்ணில் புள்ளிக்கு வலப்பக்கம் ஓர் இலக்கம், இரண்டாவதில் ஓர் இலக்கம், ஆக இரண்டு. விடையில் வலது ஓரத்திலிருந்து இரண்டு இலக்கம் எண்ணிப் புள்ளி வைத்தால் 10.80. கடைசிப் பூஜ்யத்துக்கு இப்போது வேலை இல்லை, அடித்துவிடலாம். 10.8 சதுர மீட்டர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? 1080 என்று எழுதிய கையோடு அந்தக் கடைசிப் பூஜ்யத்தை அடித்தேன். புள்ளி வைப்பதற்கு முன்னாலேயே.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். நம் அலுவலகத்தில் வாலில் பூஜ்யம் நின்றால் தாள் திரும்பி வந்துவிடும். 'புள்ளிக்கு அப்புறம் வெத்துப் பூஜ்யம் எதுக்குய்யா, அழகுக்கா?' என்று தலைமை வரைவாளர் கத்துவார். அந்த பயத்தில் பூஜ்யத்தைப் பார்த்தாலே கை தானாக ஒரு கோடு இழுக்கும். அங்கே நாம் அடித்தது வேண்டாத பூஜ்யம். இங்கே நான் அடித்தது எண்ணிக்கையில் சேர வேண்டிய பூஜ்யம். மிச்சம் நின்றது 108. அதில் ஒழுங்காக இரண்டு இலக்கம் எண்ணி, ஒழுங்காகப் புள்ளி வைத்தேன். 1.08.

அதை 0.5 ஆல் பெருக்கினேன். நூற்றெட்டை ஐந்தால் பெருக்க ஐந்நூற்று நாற்பது. இங்கே இரண்டு இலக்கம், அங்கே ஒன்று, ஆக மூன்று. 0.540. இந்த முறை புள்ளியை வைத்துவிட்டுத்தான் பூஜ்யத்தை அடித்தேன். 0.54. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன். ஆகவே அரை டன்னுக்குச் சற்று மேல்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டாவது முறையும் அதே தப்பைச் செய்திருந்தால் 0.054 என்று வந்திருக்கும். ஐம்பத்து நாலு கிலோ. ஒரு தொட்டித் தண்ணீர் சரோஜாவின் எடைதானா என்று நானே சிரித்திருப்பேன். திரும்பப் போட்டிருப்பேன். ஒரு முறை தவறி, ஒரு முறை சரியாகச் செய்ததால் விடை பார்ப்பதற்கு நம்பும்படி ஆகிவிட்டது.

"அரை டன் தம்பி. கொஞ்சம் கூட."

"அவ்ளோதானா!" பிரவீன் முகம் மலர்ந்துவிட்டது. "போன மாசம் பர்த்டே பார்ட்டிக்கு மாடில நாப்பது பேர் ஆடினாங்க அங்கிள். அதுவே ரெண்டு டன்னு இருக்கும். தேங்க்ஸ் அங்கிள். நீங்க சொல்லிட்டா வேற என்ன."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பென்சிலைத் தொடும் முன்பே கண்ணை இடுக்கிக்கொண்டு, "நாலரையை அஞ்சுன்னு வெச்சுக்கோ, ரெண்டு புள்ளி நாலை ரெண்டுன்னு வெச்சுக்கோ, அஞ்சு ரெண்டு பத்து, பத்துல பாதி அஞ்சு. அஞ்சு டன் பக்கம் வரும், இப்ப போடு" என்று சொல்லியிருப்பீர்கள். குத்துமதிப்பு. அந்த வார்த்தையே எனக்குப் பிடிக்காது. கணக்குப் போடும் முன்பே விடையைச் சொல்வது என்ன படிப்பு என்று மனதுக்குள் முகம் சுளிப்பேன். சந்தைக்காரன் வேலை என்று நினைத்தேன். சொன்னதில்லை. சொல்லும் தைரியம் எனக்கு ஏது?

தொட்டியை நிறைக்க ஒரு லாரித் தண்ணீர் சொன்னார்கள். அதைவிடச் சின்ன லாரி கிடையாதாம், மிச்சம் வீடுகளுக்கு ஆகும் என்றார்கள். ஆறாயிரம் லிட்டர் லாரி, காலையில் வந்து கீழே நிலத்தடிச் சம்ப்பில் ஊற்றிவிட்டுப் போனது. மோட்டார் போட்டார்கள். நான் பேப்பர் படித்தேன், குளித்தேன், சாப்பிட்டேன். சரோஜா மேலிருந்து அனுப்பிய கத்தரிக்காய்க் கூட்டு. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மாடியில் குழந்தைகளின் கூச்சல் கீழே வரை கேட்டது. சந்தோஷமாக இருந்தது, மாப்பிள்ளை. இதில் என் கணக்கும் இருக்கிறது என்று கூட நினைத்தேன்.

அப்போது வாட்ச்மேன் முனுசாமி கதவருகே வந்து நின்றான்.

"சார், சம்ப்பு காலியாயிடும் போல கீது. லாரித் தண்ணி மொத்தம் மேல போய்க்கினே கீது. இன்னொரு லோடு சொல்லட்டா?"

"அவ்வளவு எதுக்கு? அரை டன்தானே. ஐந்நூற்று நாற்பது லிட்டர். எங்கேயாவது குழாய் ஒழுகுதா பார்."

"ஒழுகல சார். நான் இப்பதான் மேல பார்த்துட்டு வரேன். தொட்டி முக்காவாசி ரொம்பிக்கீது. பசங்க முட்டிக்கு மேல தண்ணி. செம குஷியா கீதுங்க."

ஐந்நூறு லிட்டர் என்பது ஒரு வீட்டுக் கறுப்புத் தொட்டி. அதில் நாலு குழந்தைகள் உட்காரக் கூட இடம் இருக்காது. இத்தனை நாளில் இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தது நினைவிருக்கிறது. ஓரம் சரியாக இருக்கிறதா என்று கூடப் பார்த்து மடித்தேன். பிறகு உங்கள் குரலில், உங்கள் மாதிரியே, 'அஞ்சு ரெண்டு பத்து, பத்துல பாதி அஞ்சு' என்று வந்தது.

ஐந்து. அரை அல்ல.

தொட்டி மாடியில் எந்தப் பக்கம் என்று முனுசாமியிடம் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும். பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழும் மேற்குப் பக்கம். கீழே உங்கள் படுக்கை அறை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரோஜா படுக்கும் நேரம்.

"மோட்டாரை நிறுத்து" என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. நல்லவேளை, முனுசாமி நிறுத்திவிட்டான். நான் படி ஏறினேன். முட்டி வலி என்று ஒன்று எனக்கு இருப்பதே அப்போது ஞாபகம் வரவில்லை.

மேல் தளத்தில் வலப்பக்கம் உங்கள் வாசல். இடப்பக்கம் மாடிக்குப் போகும் படி. எதற்கு முதலில் போவது? அங்கே குழந்தைகள், இங்கே என் தங்கை. இரண்டுக்கும் நடுவில் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். சத்தமே வரவில்லை. வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். காலிங் பெல்லை அழுத்திய விரலை எடுக்கவில்லை.

சரோஜா கதவைத் திறந்தாள். தலையில் துண்டு, கையில் தலையணை உறை.

"என்ன அண்ணா, பெல்லு எரிஞ்சிடப் போவுது! கூட்டுல உப்பு இல்லையா?"

"வெளியே வா."

"இருங்க, உறையை மாட்டிட்டு..."

அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். கல்யாணத்தில் உங்கள் கையில் பிடித்துக் கொடுத்த பிறகு நான் அவள் கையைப் பிடித்ததே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? நெஞ்சு வலியா? உட்காருங்க, உட்காருங்க."

"புள்ளி," என்றேன். "சரோஜா, புள்ளி தப்பு. அஞ்சு டன். பசங்க. மேலே. கூப்பிடு."

என்ன புரிந்ததோ, 'பசங்க' என்பதும் 'கூப்பிடு' என்பதும் புரிந்தது. உங்கள் மனைவியின் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. 'ரேஷன் கடை மைக்' என்பீர்களே. மாடிப் படியில் ஏறி நின்று ஒரே கத்தல்.

"டேய் பசங்களா! அத்தனை பேரும் எறங்குங்கடா கீழே! ஓடுங்க! பிரவீன், முதல்ல கொழந்தைங்களை எறக்கு!"

"பாட்டி, அஞ்சு நிமிஷம் பாட்டி!" என்று மேலிருந்து ஒரு குரல்.

"அஞ்சு நிமிஷமா? மேல வந்தேன், முதுகுல டின்னு கட்டிடுவேன்! எறங்கு!"

ஈரக் காலோடு ஒவ்வொன்றாக ஓடி வந்தன. ஒன்று வழுக்கி விழுந்து அழுதது. பெரியவர்களும் இறங்கினார்கள். கடைசியில் பிரவீன், "என்ன அங்கிள், யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடி பாதிப் படியில் நின்றான். 0.54 அல்ல, 5.4 என்று சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். திரும்ப மேலே ஓடினான். தொட்டியின் அடியில் தண்ணீர் திறந்துவிடும் மூடி ஒன்று உண்டு. அதைப் பிடுங்கிவிட்டு, சுவர் ஓரமாகவே நடந்து திரும்பி வந்தான். தன் பிள்ளைகளை எண்ணினான். பிறகுதான் உட்கார்ந்தான்.

மழைநீர்க் குழாயில் தண்ணீர் தெருவுக்கு விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லோரும் படிக்கட்டில் நின்றோம். அப்போது உங்கள் வீட்டுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். மூட்டை விழுந்த மாதிரி. யாரும் உள்ளே போகவில்லை.

தண்ணீர் முழுக்க வடிந்து, மறைமலை நகரிலிருந்து பிரவீனுக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் வந்த பிறகு கதவைத் திறந்தோம். மேல் கூரையில் சுவருக்குச் சுவர் ஒரு விரிசல். அதன் நடுவில் பூச்சு பெயர்ந்து, கம்பி தெரிந்தது. பெயர்ந்த பூச்சு கட்டிலில் கிடந்தது. நீங்கள் படுத்த பக்கத்தில், மாப்பிள்ளை. தலையணை இருந்த இடத்தில். நீங்கள் போன பிறகு சரோஜா அந்தப் பக்கம்தான் படுக்கிறாளாம். ஃபேன் காற்று அங்கேதான் வருகிறதாம். எனக்கு இது தெரியாது. அவள் அறை வாசலில் நின்றபடியே, கையில் அந்த உறையோடு, "நல்லவேளை, உறை மாட்டல, துவைக்க வேண்டியிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பொறியாளர் சின்னப் பையன். என்னை எதுவும் குத்திச் சொல்லவில்லை. தொட்டி நிரம்பியிருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் அரை டன் நின்றிருக்கும், இந்த மாடி அதில் பாதிக்குக் கூடக் கட்டப்பட்டதில்லை என்றார். ராத்திரி வரை தண்ணீர் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அதை விடுங்க சார்" என்றார். முட்டு கொடுத்துவிட்டுப் போனார். விரிசலை அடைத்து, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் உள்ளே படுக்கலாம் என்று உத்தரவு.

என் அதிர்ச்சி இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். கோயிலுக்குப் போய் ஒரு விளக்கு ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அன்று சாயந்திரம் சரோஜா என் வீட்டில் காபி போட்டுக் கொடுத்தாள். டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். "இத்தனை வருஷம் ஒரு புள்ளி தப்பினதில்லையே சரோஜா, இன்னிக்கு எப்படித் தப்பிப் போச்சு?" என்று புலம்பினேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"விடுங்க அண்ணா. உங்களுக்கு இது புதுசா? அவர் எத்தனை தடவை நகர்த்தி வெச்சிருக்கார்."

"எதை?"

"உங்க புள்ளியைத்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ. உங்களுக்குத் தெரியாதா? தெரியும்னு இல்ல நினைச்சேன்."

விடாமல் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். ஆபீஸ் விட்டு வந்ததும் சில நாள் நீங்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வீர்களாம்: "இன்னிக்கும் உங்க அண்ணன் புள்ளியைத் தொலைச்சுட்டார். எண்ணு எல்லாம் தங்கம் சரோ, ஒரு பிசகு இருக்காது. புள்ளி மட்டும் ஒரு வீடு தள்ளி நிக்கும். அழிச்சு சரியான இடத்துல வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன்." சரோஜா, "அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்று கேட்டாளாம். "சொன்னா அப்புறம் அந்த மனுஷன் பென்சிலையே தொட மாட்டார்" என்றீர்களாம்.

உண்மையா, மாப்பிள்ளை?

எத்தனை தடவை? அந்தப் பெரிய கொதிகலன் வேலையிலுமா? எல்லோர் முன்னாலும் மேலாளர் என் கையைக் குலுக்கினாரே, நீங்கள் பின்னால் நின்று கைதட்டினீர்களே, அதிலுமா? தாளைத் திருப்பித் தரும்போது நீங்கள் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பீர்கள். கவனக் குறைவு என்று நினைத்திருந்தேன்.

இது அன்பா, இரக்கமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் நினைத்ததும் சரிதான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன், அல்லது வியாதியில் விழுந்திருப்பேன். ஆனால் சொல்லாததால் என்ன ஆனது? என் தப்பு எனக்கே தெரியாமல் என்னோடு ஓய்வு பெற்று, என்னோடு வீட்டுக்கு வந்து, உங்கள் மனைவியின் கட்டிலுக்கு மேல் போய் நின்றது. உங்கள் மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா? ஒரு நாள் கோபமாக இருந்தேன். உங்கள் படத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். சரோஜா கவனித்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோரும் பிரவீனைப் பிய்த்து எடுக்கிறார்கள். 'யாரைக் கேட்டு வெச்சீங்க?' 'இன்ஜினியர்கிட்ட கேக்கற அறிவு கூட இல்லையா?' 'எங்க கொழந்தைங்க உயிரோட விளையாட்டா?' நாளைக் காலை பொதுக்கூட்டம். அவனைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அவன் பெண்ணை மற்ற குழந்தைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை என்று முனுசாமி சொன்னான். இத்தனைக்கும் அந்தக் கணக்கு யார் போட்டது என்று பிரவீன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நேற்று அவனைப் படியில் நிறுத்திக் கேட்டேன். "ஏன் தம்பி என் பேரைச் சொல்லல?"

"விடுங்க அங்கிள். நான்தானே செக்ரட்டரி. உங்களை எதுக்கு இழுக்கணும்? இந்த வயசுல நீங்க இவங்க வாயில விழணுமா?"

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பார்வை, மாப்பிள்ளை. இப்படி என்னைக் காப்பாற்ற ஒவ்வொரு காலத்திலும் ஒருவர் எங்கிருந்து வருகிறார்? நான் அப்படி என்ன உடைந்துபோகிற பாத்திரம்?

இரவெல்லாம் யோசித்தேன். நாளைக் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். ஆனால் என்னை எனக்குத் தெரியும். 'முதலில் மற்றவர்கள் பேசட்டும்' என்று உட்கார்ந்திருப்பேன். நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது 'பாவம், வயசானவர்' என்று தண்ணீர் கொடுப்பார்கள். கூட்டம் முடிந்துவிடும். பிரவீனின் பதவி போய்விடும். என்னைப் போன்றவனுக்கு ஒரே வழிதான். திரும்பிப் போகும் பாதையை முன்கூட்டியே அடைத்துவிட வேண்டும்.

அதனால் இந்தக் கடிதத்தைச் சேலையூர் ரோட்டுக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து, கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவிடுக்கிலும் ஒரு பிரதி போடப் போகிறேன். கணக்கை முழுசாக எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் பூஜ்யத்தை அடித்தேன் என்பது உட்பட. தசமப் பெருக்கல் மறந்துபோன பெற்றோர் அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். புள்ளியை வைத்த பிறகுதான் பூஜ்யத்தை அடிக்க வேண்டும். அதற்கும் முன்னால், விடை சுமாராக எவ்வளவு வரும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவதை எனக்குக் காட்டியவர் தணிகாசலம். நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

சரோஜாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். நீங்கள் புள்ளியை நகர்த்திய இடம் வந்ததும், "அதையும் போடணுமா? அவர் திருட்டுத்தனம் பண்ண மாதிரி ஆயிடாதா?" என்றாள். பிறகு, "போடுங்க. அவர் அண்ணாவுக்காகத்தானே பண்ணார். மூடி வெக்க அது என்ன கெட்ட விஷயமா?" என்றாள். அதனால் போட்டிருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் அவளைக் கேளுங்கள்.

வாக்கு ஒன்று கொடுக்கிறேன், மாப்பிள்ளை. பொறியாளர் தன் வாயால் சரி என்று சொல்லும்வரை, எவ்வளவு திட்டினாலும் சரோஜாவுக்கு அந்த அறைச் சாவியைக் கொடுக்க மாட்டேன். என் கணக்கை நம்பி ஒருவர் தலைக்கு மேல் இனி ஒரு செங்கல் கூட ஏற விட மாட்டேன், வேறு ஒருவர் அதைப் பார்த்து என் முகத்துக்கு நேரே 'தப்பு' என்றோ 'சரி' என்றோ சொல்லாமல். இன்று சாயந்திரம் கடிதங்களைப் போட்டுவிட்டு வந்து, விளக்கை அணைக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்த மாடியிலிருந்து யார் இறங்கி வந்து எவ்வளவு கோபமாகத் தட்டினாலும், சரோஜாவை அனுப்பாமல், நானே எழுந்து போய்க் கதவைத் திறப்பேன்.

உங்கள் சரோஜாவின் அண்ணன்,
உங்கள் மச்சான்
ஏகாம்பரம்
கிழக்குத் தாம்பரம்